ஓசை தவறும் கணம்: காஞ்சிபுரத் தறியும் மூளையின் எதிர்பார்ப்பும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறியோசை கேட்கும். அந்த இரைச்சலால் நெய்பவரின் கை தடுமாறுவதில்லை. ஆனால் அவருடைய தறியில் ஒரே ஒரு பாவிழை அறுந்து பக்கத்து இழையோடு சிக்கினால் போதும்: பாவு சரியாகத் திறக்காது, ஊடை இழையைக் கொண்டோடும் நாடா இலேசாக உரசும், கை நின்றுவிடும். அண்டை வீட்டுப் பேரோசைக்கு அசையாத மூளை, இச்சிற்றோசைக்கு ஏன் அசைகிறது?

திடீர் நிகழ்வுகளுக்கான மூளையின் வழிகளுள் இரண்டை இங்கே பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்று, திடுக்கிடுதல். திருவிழாவில் அதிர்வேட்டு வெடித்தால், செவி நரம்பு வழியே செய்தி மூளைத்தண்டுக்குச் சென்று, அங்கிருந்து தசைகளுக்குப் பாய்கிறது. ஏறத்தாழ 50 மில்லி நொடிக்குள் இமை மூடத் தொடங்கிவிடும். ஒலி உரத்தும் சட்டென்றும் எழுந்தால் இப்பாதைக்குப் போதும். அது என்ன ஒலி என்று இப்பாதை கேட்பதில்லை. தறியில் நிகழ்வது இதுவன்று.

மற்றது, மாற்றத்தைக் கண்டறிதல். பின்லாந்து அறிஞர் ரிஸ்டோ நாட்டானனும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் இதன் மின் தடயத்தை விளக்கினர். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருகையில் நடுவே ஒன்று மாறினால், கேட்பவர் புத்தகத்தில் ஆழ்ந்திருந்தாலும், 100 முதல் 250 மில்லி நொடிக்குள் மூளையலையில் ஒரு சரிவு தோன்றுகிறது. பயிற்சி இதைக் கூர்மையாக்கும்: ஸ்டெஃபான் கோல்ஷ் குழுவின் 1999ஆம் ஆண்டு ஆய்வில், பிறர் மூளை பிரித்தறியாத சுருதிப் பிசகு வயலின் கலைஞர்களின் மூளையில் இவ்வலையை எழுப்பியது.

நெசவாளரின் செவியையும் இப்படியே விளக்கிவிடலாம் என்று தோன்றும். அது போதாது என்பதே என் வாதம். வரவேண்டிய ஒலி வராமல் போனாலும் இச்சரிவு தோன்றும். ஆனால் ஒலிகளின் இடைவெளி ஏறத்தாழ 150 மில்லி நொடிக்குள் இருந்தால்தான் என்று ஹிரோஓகி யாபே குழு 1997இல் காட்டியது. தறியின் தாளமோ அதைவிட மிக மெதுவானது. மிதியை அழுத்தி, நாடாவை விட்டு, பலகையை இழுத்து அடிப்பதற்குள் அக்கால வரம்பு பலமுறை கடந்துபோகும். அப்படியிருந்தும், நாடாவின் தாரில் ஊடை தீர்ந்து அடி வெறுமையாக விழுந்தால் நெசவாளருக்குத் தெரிகிறது.

விடை அவருடைய உடலிலேயே இருக்கிறது. இரியா சான்மிகேல் முதலானோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பொத்தானை அழுத்தியவர்கள் தாமே ஒலியை எழுப்பினர். சில வேளை ஒலி வராதபோது, 100 மில்லி நொடிக்குள்ளாகவே செவிப்புறணி துலங்கியது. கை இயங்கும்போதே, அடுத்துக் கேட்கவேண்டியதை மூளை வரைந்துவைத்துவிடுகிறது. நெசவாளர் தறியோசையைக் கேட்டுக்கொண்டிருப்பவர் மட்டுமல்லர், அதை எழுப்புபவரும் அவரே; அவர் காலும் கையும் ஒவ்வோர் அடிக்கும் முன்கணிப்பைத் தருகின்றன. பக்கத்து வீட்டுத் தறிக்கு அத்தகைய முன்கணிப்பு இல்லை; அதன் தவறு இவரைத் தொடுவதுமில்லை.

கோர்வை நெசவு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. சேலையின் கரைக்கும் உடலுக்கும் தனித்தனியாக மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு பக்கக் கரை நாடாவை உடன் அமர்ந்தவர் விடுவார். அப்போது முன்கணிப்பின் ஒரு பகுதி இன்னொருவர் கையில் இருக்கிறது. கணவனும் மனைவியுமாகப் பல ஆண்டு ஒரே தறியில் அமர்ந்த இணையர், மற்றவர் கையையும் தம் கைபோலவே கணிக்கிறார்களா? இதைச் சோதிக்க முடியும். அதே தறியில் ஒருமுறை பழகிய துணையையும், ஒருமுறை புதியவரையும் அமர்த்தி மூளையலையைப் பதிவு செய்யலாம்.

விசைத்தறியில் ஒவ்வொரு பாவிழையிலும் மெல்லிய உலோகத் தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும், மின்சுற்று மூடும், தறி நிற்கும். அந்த வேலையைக் குழித்தறியில் செய்வது நெசவாளரின் நரம்பு மண்டலம். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதன் ஜரிகையையும் முந்தியையும் கரையையும் நுணுக்கமாகப் பேசுகிறோம். கைத்திறன் என்று நாம் போற்றுவதில் பாதி, கை அடுத்து எதைக் கேட்கும் என்று அறிந்த இந்தச் செவித்திறன். அதைப் பதிவு செய்யாமல் எழுதும் எந்த நெசவு ஆவணமும் குறைபட்டதே.