16 வயதில் ஓய்வு

நம் ஊர் திருநாதர்குன்றுக்குப் போனவர்கள், பாறையில் செதுக்கிய 24 தீர்த்தங்கரர்களைப் பார்த்திருப்பீர்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து அங்கே உயிர் நீத்ததைப் பழைய கல்வெட்டு ஒன்று சொல்கிறது. எதுவும் வேண்டாம் என்று வாழ்ந்தவர்கள் செஞ்சி மண்ணுக்குப் புதியவர்கள் அல்ல. ஆனால் அந்த ஆசிரியர் எந்த வயதில் உலகத்தை விட்டார் என்று கல்வெட்டில் இல்லை. இளம் வயதிலேயே சம்பாத்தியத்தை வேண்டாம் என்றவரின் கதை, அணா பைசாக் கணக்கோடு கிடைப்பது நமக்கு மேற்கே, திருவண்ணாமலையில்.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமனுக்கு வயது 16. தகப்பனார் சுந்தரமய்யர் காலமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினார். தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தார். வீட்டை விட்டுப் போகும்போதும் மற்றவர்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்ற நினைப்பு!

திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. வழியில் விவரம் தெரிந்து விழுப்புரத்தில் இறங்கினார். மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் போக முடிந்தது, அங்கிருந்து நடை. கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினார். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. மீதிக் காசை அய்யங்குளத்தில் எறிந்தார். உடுத்தியிருந்த வேட்டியிலிருந்து கோவணத்துக்குத் துணி கிழித்துக்கொண்டார். அதோடு பணக் கணக்கு முடிந்தது. பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

மலைக்குகையில் இருந்த வருடங்களில், பிச்சையில் வந்த சோற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து, இருந்தவர்கள் எல்லாரும் பங்கிட்டு உண்டார்கள். உப்பில்லாத நாளிலும் உப்புக் கேட்கவில்லை. இன்று உப்பு என்றால் நாளை பருப்பு, அடுத்து இன்னொன்று. ஆசை வளரும் வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

என் உறவுக்காரப் பையன் ஒருவன், வயது 32, வேலையை விட்டுச் சிக்கனமாக வாழப்போகிறேன் என்றபோது வீட்டில் ரகளை. எத்தனை லட்சம் சேர்த்திருக்கிறாய் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். எனக்கு வேறு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வந்தன.

ஒன்று, அழகம்மாள். 1898 டிசம்பரில் அந்தத் தாய் திருவண்ணாமலைக்கு வந்து, வீட்டுக்கு வா என்று மகனிடம் நாள்கணக்கில் அழுதார். மகன் அசையவில்லை. வெறுங்கையோடு திரும்பினார். நம் செலவைச் சுருக்கினாலும், அதன் விலையில் ஒரு பங்கை வீட்டிலிருப்பவர்கள் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. 1916 முதல் அம்மாவைத் தம்மோடு வைத்துக்கொண்டார் ரமணர். 1922இல் அவர் மறையும்வரை உடனிருந்தார்.

இரண்டு, வேலை. ஆசிரமம் ஏற்பட்ட பிறகு, விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கியவர் அவர். சட்னி அரைத்தார், இலை தைத்தார், புத்தகம் பைண்டு செய்தார். சம்பளத்துக்கு அவர் ஒருநாளும் உழைத்ததில்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவரும் இல்லை.

58 வயதில் சர்க்கார் அனுப்பிய பிறகுதான் நம்மில் பலர் ஓய்வைப் பார்த்தோம். இளையவர்கள் முன்னதாகக் கேட்டால் கோபப்பட வேண்டாம். நம் சோற்றை யார் போடுகிறார்கள், நம்மால் யார் அழுகிறார்கள், கை சும்மா இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்வோம். பாங்கிக் கணக்கு அதற்கு அப்புறம்.