கூக் குடும்பத்தின் வீட்டு ஜெபமும் ஹவாய் அரசியின் பாடல்களும்

ஹவாய்த் தீவுகளில் கிறிஸ்தவ இசை பரவிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஹைரம் பிங்கமிடமிருந்தே தொடங்குவர். அமெரிக்கன் போர்டு என்னும் மிஷனெரி அமைப்பு அனுப்பிய முதல் குழுவோடு 1820இல் 'தாடியஸ்' கப்பலில் வந்தவர் அவர். லண்டன் மிஷனின் வில்லியம் எல்லிஸோடு சேர்ந்து 1823இல் 47 பாடல்கள் கொண்ட ஹவாய் மொழி ஞானப்பாட்டு நூலை வெளியிட்டார். 1834இல் சுரக்குறியோடு கூடிய பாடநூலும் வந்தது. அச்சேறியது ஆவணமாக நிற்கும். ஆய்வும் அதையே சுற்றி வரும். அச்சில் இருந்த பாட்டு எப்படிப் பிள்ளைகளின் தொண்டைக்குள் இறங்கியது என்பதற்கு இந்நூல்களில் விடை கிடையாது. அதை மிஷனெரிக் குடும்பங்களின் கூடத்தில், அங்கே பெண்கள் நடத்திய பாட்டு வகுப்பிலும் குடும்ப ஜெபத்திலும் தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1837இல் ஹொனலுலு வந்த ஏமஸ் கூக், ஜூலியட் கூக் தம்பதி 1839இல் அரச குலப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினர். விரைவில் அது உறைவிடப் பள்ளியாயிற்று. அங்கே வளர்ந்த 16 பிள்ளைகளில் ஐவர் பின்னாளில் அரியணை ஏறினர். கூக் தம்பதியின் சொந்தப் பிள்ளைகளும் அதே வளாகத்தில்தான் வளர்ந்தார்கள். ஆகவே எது வீட்டு ஜெபம், எது பள்ளிப் பாடம் என்று பிரித்துப் பார்ப்பது கடினம். பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் ஜூலியட். அந்த வீட்டைப் பொற்காலமாகச் சித்திரிக்கவும் முடியாது. நான்கு வயதில் அங்கே சேர்க்கப்பட்ட, பின்னாளில் அரசியான லிலியுவோகலானி, வெல்லப்பாகு தடவிய ஒரு துண்டு ரொட்டியே பெரும்பாலும் இரவு உணவாக இருந்ததையும் பசியோடு படுத்ததையும் 1898இல் வெளியான தன் நினைவு நூலில் கசப்போடு பதிவு செய்திருக்கிறார். சுரக்குறியைப் பார்த்த மாத்திரத்தில் பாடும் தன் திறனை ஆசிரியர்கள் மெச்சியதையும் அதே நூலில்தான் சொல்கிறார். பசியையும் இசையையும் கொடுத்தது ஒரே வீடு.

இதே அமெரிக்கன் போர்டு மதுரையில் எதிர்கொண்ட நிலை வேறு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் ஏற்கெனவே கர்நாடக இசை மரபில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றியிருந்தனர். எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட தொகுப்பு பெரிதும் சாஸ்திரியாரின் பாடல்களைக் கொண்டது. பாமாலைக்குப் பக்கத்தில் கீர்த்தனை நம் ஆலயங்களில் இடம்பிடித்தது அப்படித்தான். ஹவாயிலும் 'மெலே' எனப்படும் வளமான பாடல் மரபு இருந்தது. ஆனால் அதைக் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் கொண்டுவந்த சாஸ்திரியார் ஒருவர் மிஷன் வருமுன் அங்கே இல்லை. அந்த வேலை பிள்ளைகளின் தலைமுறைக்காகக் காத்திருந்தது.

ஹவாயில் மிஷன் செய்தது பண்பாட்டு அழிப்பு அன்றி வேறென்ன என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. மதம் மாறிய அரசி காஅஹுமானு 1830இல் பொது இடங்களில் ஹுலா நடனம் ஆடத் தடை விதித்தார். அதற்குப் பின்னால் மிஷனின் செல்வாக்கு இருந்தது. ஆனால் 1883இல் தன் முடிசூட்டு விழாவில் ஹுலாவை அரண்மனை வளாகத்துக்கே அழைத்து வந்த கலாகவுவா மன்னர் யார்? கூக் வீட்டில் படித்தவர். அவர் தங்கை லிலியுவோகலானியோ ஒருபுறம் கவாயஹாஓ ஆலயத்தில் பாடகர் குழுவை நடத்தினார், மறுபுறம் 1878இல் 'அலோஹா ஓயெ' என்ற பாடலை இயற்றினார். ஞானப்பாட்டின் மெட்டமைப்பும் உட்பொருள் வைத்துப் பாடும் ஹவாய்க் கவிமரபும் அவர் கையில் ஒன்றாகக் கலந்தன. கூடத்தில் கற்றதைப் பிள்ளைகள் தம் விருப்பப்படி ஆண்டார்கள். கற்பித்தவர்களின் நோக்கத்துக்குள் அது அடங்கவில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று 1895. இரண்டாண்டுக்கு முன் ஆட்சி பறிக்கப்பட்ட அரசி லிலியுவோகலானி, இயோலானி அரண்மனையின் ஓர் அறையில் சிறைவைக்கப்பட்டார். செய்தித்தாள் கிடையாது, தாளும் பென்சிலும் மட்டும் மறுக்கப்படவில்லை. தொடக்கத்தில் இசைக்கருவியும் இல்லாததால், ஐந்து கோடுகளைத் தானே வரைந்து, குரலாலேயே சுரம் பிடித்து எழுதினார். அம்மாதங்களில் பிறந்ததே 'அரசியின் ஜெபம்' எனப்படும் பாடல். சிறைவைத்தவர்களுக்காக அது மன்னிப்பு வேண்டுவதால் பணிவின் அடையாளமாகவே பலர் அதை வாசிக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அன்றைய ஹவாய்க் குடியரசின் தலைவர் சான்ஃபர்ட் டோல் ஒரு மிஷனெரியின் மகன். ஆட்சிக் கவிழ்ப்பை முன்னின்று நடத்திய லோரின் தர்ஸ்டன், தாடியஸில் வந்த மிஷனெரி ஒருவரின் பேரன். ஞானப்பாட்டின் இலக்கணம் அவர்களுக்கும் பழக்கமானது. அந்த வடிவத்தில் 'மன்னியும்' என்று பாடும்போது, குற்றவாளிகள் யார் என்பதும் சேர்ந்தே சொல்லப்பட்டுவிடுகிறது. அதை மறுக்க வேண்டுமானால் அவர்கள் தம் வீட்டு ஜெபத்தையே மறுக்க வேண்டியிருக்கும்.