வந்தவர் ஏடு

திருவண்ணாமலைக் கோயிற் சுவர்கள் கொடுத்தவர்களை அறியும்; வந்தவர்களை அறியா. நுந்தா விளக்குக்குக் கால்நடை அளித்தோர், நிலம் விட்டோர், 16ஆம் நூற்றாண்டில் திருப்பணி செய்த கிருஷ்ணதேவராயர் எனப் பலரும் அங்கே கல்லெழுத்தாய் நிற்கின்றனர். மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் வழியில் தலைமுறை தலைமுறையாக நடந்தோருக்கோ ஏடில்லை.

தமிழ் வாசிப்பின் வரலாறும் ஏறத்தாழ இவ்வாறே. சிற்றிதழுக்குச் சந்தா கட்டியவர் பெயர் எஞ்சலாம். இரவல் வாங்கிப் படித்தவர் சுவடின்றிப் போனார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற இலவச மின்னூல் முயற்சிகளுக்குச் சந்தாப் பட்டியலே கிடையாது. ஆனால் வலைத்தளங்களுக்கு வேறோர் ஏடு உண்டு: வழங்கியின் வருகைப் பதிவேடு, அதாவது சர்வர் லாக். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் அதில் ஒரு வரி விழும்: ஐ.பி. முகவரி, நாள், நேரம், கேட்ட பக்கம், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்ற குறிப்பு.

இலக்கிய வரலாற்றுக்கு உதவுவது அந்தக் கடைசிக் குறிப்பு. கூகுளில் தேடி வந்தவர் தட்டிய சொற்களும் முன்பு அதனுள் பதிவாயின. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். பதிவேட்டில் 9 குறிகளாக விரியும். 'மௌனி' என்ற சிறு பெயர் 36 குறிகளாய்க் கிடக்கும். பொறுமையாய் மீட்டால், அந்நாளில் யார் எழுத்தைத் தேடி வந்தனர் என்பது தெரியும். 2011 தொடங்கி 2013க்குள் கூகுள் தேடல் பெரும்பாலும் மறையாக்கத்துக்கு மாறியது, சொற்கள் மறைந்தன. ஆகவே 2000களின் பதிவேடுகளுக்கு மாற்றில்லை.

அவை பெரும்பாலும் அழிந்தது எவர் பகையாலும் அன்று. இடம் மிச்சம் பிடிக்கும் வழக்கத்தால். சி-பேனலின் 'மெட்ரிக்ஸ்' பகுதியில் 'ரா அக்செஸ்' திறந்தால், தளத்தின் பெயரில் சுருக்கிய கோப்பு ஒன்று கிடைக்கும்; விரித்தால் வெறும் உரை. அங்கேயே இரு தெரிவுகள் உள்ளன. பதிவுகளைக் காப்பகப்படுத்தும் கட்டத்தில் குறியிட வேண்டும்; சென்ற மாதத்தவற்றை நீக்கும் கட்டத்தில் குறியை எடுத்துவிட வேண்டும். இல்லையேல், 2000இல் வெளிவந்த ஏ.டபிள்யூ.ஸ்டாட்ஸ் போன்ற மென்பொருள்கள் வகுத்துத் தரும் தொகுப்புக் கணக்கே மிஞ்சும், வரிகள் போய்விடும்.

நம் முன்னோர் இதில் விழிப்பாயிருந்தனர். திருமழபாடிக் கோயிலைப் பிரித்துக் கட்ட ஆணையிட்ட முதலாம் இராசராசன், சுவரெழுத்துகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லேறின. பழைய தளம் நடத்தியோர் தம் குறுந்தகடுகளை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். பதிவேடு கிடைத்தால் ஐ.பி. முகவரிகளை நீக்கிவிட்டு ஆய்வாளருக்கு அளிக்கலாம். வாசகர் யாரென்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை; எதைத் தேடினார் என்பது தெரிந்தால் போதும்.