குளிர்ந்த நீரும் உயிருள்ள மின்னோவும்

அமெரிக்க ஆறுகளிலும் ஏரிகளிலும் 'பாஸ்' என்ற பெயரில் பிடிபடும் மீனுக்கும் தமிழகக் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாவுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. கொடுவாவையும் ஆங்கிலத்தில் பாஸ் என்று சொல்வதால் வரும் குழப்பம் அது. அமெரிக்க பாஸ் முழு நன்னீர் மீன். அதில் பேர்பெற்றவை இரண்டு: பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ். வாயை மூடிய நிலையில் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெருவாய். கண்ணுக்கு நேராகவே நின்றுவிட்டால் சிறுவாய். குளிர்ந்த, தெளிந்த, கல் நிறைந்த நீர் சிறுவாய்க்குப் பிடித்தமானது. அதனால் குளிர்கால மீன்பிடிப்பின் வரலாற்றில் அதற்கே பெரிய இடம்.

சிறுவாய்க்கு அறிவியல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் லாசெபேட். 1802-இல் அவர் கையில் இருந்த மாதிரி மீனின் முதுகுத் துடுப்பு பின்பக்கம் பிய்ந்திருந்தது. பிய்ந்து நின்ற துண்டு தனியொரு குட்டித் துடுப்புப் போலத் தெரியவே, 'சிறுதுடுப்பு' என்று பொருள்படும் மைக்ரோப்டெரஸ் என்ற பெயரைச் சூட்டினார். அந்தத் தவறான பெயரே இன்றுவரை மொத்தப் பேரினத்துக்கும் நிலைத்துவிட்டது.

பாஸுக்கு இரையாகும் மின்னோ ஒரே மீனின் பெயர் அல்ல. கெண்டைக்கு உறவான, விரலளவே வளரும் பல சிறுமீன்களுக்கு அது பொதுப்பெயர். ஓடைகளில் வலை வீசியோ, பறி போன்ற கூண்டு வைத்தோ அவற்றைப் பிடித்து, உயிரோடு முள்ளில் கோத்து, பாஸ் கிடக்கும் இடத்துக்கு அனுப்புவது பழைய வழக்கம். சிக்கல் அந்த அனுப்புதலில்தான் இருந்தது. மின்னோவின் எடை சில கிராம்தான். வேகமாக வீசினால் உதடு கிழிந்து முள்ளிலிருந்து பறந்துவிடும். நீரில் அறைந்து விழுந்தால் செத்துவிடும். மெதுவாக வீசினாலோ அன்றைய ரீல்களிலிருந்து நூல் கழன்று போகாது. அவை நூலைச் சுற்றி வைக்க மட்டுமே உதவின.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் கென்டக்கி மாநிலத்துக் கடிகாரக் கைவினைஞர்கள். பாரிஸ் என்ற சிற்றூரில் கடிகாரமும் வெள்ளிப் பொருளும் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், பற்சக்கரம் வைத்த ரீல் ஒன்றைச் செய்தார். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நூலுருளை பல சுற்றுச் சுற்றும். 1830-களில் ஃபிராங்க்ஃபர்ட் நகரின் ஜொனாதன் மீக், பெஞ்சமின் மீக் சகோதரர்களும், பின்னர் அவர்களிடம் தொழில் கற்ற பெஞ்சமின் மைலமும் இதை மெருகேற்றினார்கள். ஒரு சுற்றுக்கு நான்கு சுற்று என்பது கென்டக்கி ரீலின் அடையாளமாயிற்று. திருகாணிகளைக்கூடக் கையால் கடைந்தார்கள். ஒரு துளைக்குக் கடைந்த திருகாணி அடுத்த துளையில் பொருந்தாது என்பதால், திருகாணியிலும் துளையிலும் ஒரே எண்ணைப் பொறித்து வைத்தார்கள். நேரம் காட்டும் எந்திரத்துக்கு உரிய அத்தனை கவனமும் விரலளவு மீன் ஒன்றைச் சேதமில்லாமல் நீரில் இறக்குவதற்காகச் செலவிடப்பட்டது. தூண்டில் கருவிகளின் வரலாற்றில் இதற்கு ஈடான கைவேலை அரிது.

வீசும்போது கட்டைவிரல் ரீலின் உருளைமேல் மெல்லப் படிந்திருக்க வேண்டும். விரல் அழுத்தினால் மின்னோ அந்தரத்தில் சுண்டி நின்றுவிடும். விட்டுவிட்டால் உருளை நூலைவிட வேகமாகச் சுழன்று சிக்கலாகும். நூல் அப்போது பட்டு நூல். ஒவ்வொரு நாளும் அவிழ்த்துக் காயவைக்காவிட்டால் மட்கிப் போகும். பனிக்காலத்தில் நனைந்த நூல் தூண்டில் கோலின் வளையங்களில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். குளிரில் மீன் பிடித்தவர்களின் பாதி நேரம் வளையங்களிலிருந்து பனியைத் தட்டுவதிலேயே போயிருக்கும். 1938-இல் நைலான் அறிவிக்கப்பட்டு, அதிலிருந்து நூல் வரத் தொடங்கிய பிறகு மட்கும் தொல்லை ஒழிந்தது. பனி ஒட்டும் தொல்லை இன்றும் உண்டு.

குளிர்காலத்தில் பாஸ் பிடிக்கவே முடியாது என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. வட மாநிலங்களில் பாஸ் பனிக்காலம் முழுக்கப் பாறை இடுக்கில் உறங்கிக் கிடக்கும் என்று நம்பினார்கள். உண்மை வேறு. மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு இறங்குகிறது. நீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகி, ஒரு முறை தின்றது பல நாளுக்குப் போதும் என்றாகிவிடுகிறது. ஆனாலும் தின்பது அடியோடு நிற்பதில்லை. ஆற்றுச் சிறுவாய் கோடையில் ஓடிய வேக நீரை விட்டு, ஆழமான மடுக்களைத் தேடிப் போகும். அதற்காகப் பல பத்து கிலோமீட்டர் நீந்தும் மீன்களும் உண்டு. நீரோட்டம் தாக்காத பெரும்பாறைகளின் பின்னே அவை கூட்டமாக ஒதுங்கிக் கிடக்கும். உறைந்த ஏரியில் அடிநீர் 4 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்; நீர் அந்த வெப்பநிலையில்தான் மிக அடர்த்தியாகி அடியில் தங்குகிறது. மேலே பனிக்கட்டி மூடியிருக்கும்போது மீனுக்கு இதமான இடம் அதுவே.

இப்படிக் கிடக்கும் மீன் இரையைத் துரத்தாது. மூக்கருகே வந்து, அங்கேயே நின்று, உயிரோடு அசையும் இரையைத்தான் வாயில் வாங்கும். 1902-இல் மிச்சிகனின் டோவாஜியாக் நகரில் ஜேம்ஸ் ஹெடன் தொடங்கிய நிறுவனம் மரத்தில் செய்த செயற்கை இரைகளை விற்றது. அந்த மரத்துண்டுகளுக்கும் மின்னோ என்றே பெயர். கோடையில் அவை உயிர் இரையை ஓரங்கட்டின. ஆனால் மரமீன் உயிர்பெற வேண்டுமானால் அதை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்னோவை இழுக்க வேண்டியதில்லை. ஈயக்குண்டு ஒன்றைக் கடித்துப் பொருத்தி, அடியிலிருந்து சாண் உயரத்தில் தொங்கவிட்டால், வாலைச் சிலுப்பிக்கொண்டு அதே இடத்தில் நிற்கும். குளிர்காலத்தில் உயிர் இரை தன் இடத்தை இழக்காததற்குக் காரணம் இதுவே.

கோக்கும் விதத்திலும் கணக்கு உண்டு. நீரோட்டத்தில் பிடிப்பவர்கள் கீழுதட்டிலிருந்து மேலுதட்டுக்கு முள்ளை ஏற்றுவார்கள். மீன் ஓட்டத்தை எதிர்த்து நேராக நிற்கும். தக்கை கட்டி அசையா நீரில் விடுபவர்கள் முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னால், முதுகெலும்பைத் தொடாமல் தோலடியில் குத்துவார்கள். முதுகெலும்பைத் தொட்டால் மீன் அசையாது. அதன் பிறகு அது வெறும் தசைத்துண்டு.

மின்னோவை உயிரோடு வைத்திருக்கவும் குளிர் துணை. 25 டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளிதான் கரையும். உறையும் நிலையை ஒட்டிய நீரில் 14 மில்லிகிராமுக்கும் மேல் கரையும். கோடையில் மணிக்கொரு முறை வாளி நீரை மாற்றியவர்களுக்குப் பனிக்காலத்தில் அந்த அவதி இல்லை. வாளியும் அதற்கென்றே அமைந்தது: ஒரு தகர வாளிக்குள் துளையிட்ட இன்னொரு வாளி. உள் வாளியைத் தூக்கினால் நீர் வடிந்து மீன்கள் அடியில் துள்ளும். உறைநீரில் கையை முக்காமலே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். படகில் போனதும் உள் வாளியை மட்டும் ஏரி நீரில் தொங்கவிடுவார்கள். ஆனால் கடையின் வெதுவெதுப்பான தொட்டியிலிருந்து கொண்டுவந்த மீனை நேராக 5 டிகிரி நீரில் கொட்டினால் அதிர்ச்சியில் மல்லாந்துவிடும். ஏரி நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாளியில் கலந்து பழக்கிய பிறகே இறக்க வேண்டும்.

பாஸ் இல்லாத ஊர்களுக்குப் பாஸைக் கொண்டுபோனது இரயில். அப்பலாச்சிய மலைக்குக் கிழக்கே, பொடோமாக் ஆற்றில் சிறுவாய் முன்பு கிடையாது. 1854-இல் பால்டிமோர்–ஒகையோ இரயில்பாதையின் நீராவி எஞ்சினுக்கு நீர் சுமந்த தொட்டியில், துளையிட்ட வாளிக்குள் அவற்றைத் தொங்கவிட்டு மலையைத் தாண்டிக் கம்பர்லாந்து நகரில் விட்டார்கள். மின்னோ வாளியின் உத்தியே அங்கு பாஸைச் சுமந்தது. சில ஆண்டுகளில் பொடோமாக் சிறுவாய்க்குப் பேர்பெற்ற ஆறாகிவிட்டது.

குளிர்கால மீன்பிடிப்பை ஊரறிந்த பழக்கமாக்கியவை அணைகள். 1933-இல் தொடங்கிய டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் கட்டிய முதல் அணையான நாரிஸ் 1936-இல் முடிந்தது. 1943-இல் அமெரிக்க இராணுவப் பொறியாளர் பிரிவு டேல் ஹாலோ அணையைக் கட்டியது. மலைகளுக்கிடையே ஆழமாகத் தேங்கிய இந்த ஏரிகள் பெரும்பாலும் உறைவதில்லை; சனவரியிலும் படகு ஓடும். முதலில் இங்கும் ஆண்டில் சில மாதம் மீன்பிடிக்கத் தடை இருந்தது. பிடிபடாமலே முதிர்ந்து சாகும் மீன்கள்தான் அதிகம் என்று ஆணையத்தின் உயிரியலாளர் ஆர். டபிள்யூ. எஷ்மையர் ஆய்வுகளால் காட்டினார். 1944-இல் நாரிஸ் ஏரி ஆண்டு முழுக்கத் திறந்துவிடப்பட்டது. மற்ற ஏரிகளும் அதே வழியில் போயின. டென்னஸி, கென்டக்கி மலையடிவாரத்தில் பனிக்காலச் சிறுவாய்க்காகத் தக்கை கட்டிய தூண்டிலோடு காத்திருக்கும் பழக்கம் இதன்பின் வேரூன்றியது. உலகிலேயே பெரிய சிறுவாயாகப் பதிவான, 5.4 கிலோ எடையுள்ள மீன், 1955-இல் டேல் ஹாலோவில்தான் கிடைத்தது; அது கோடையில், செயற்கை இரைக்கு அகப்பட்டது.

ஏரிகள் பெருக, ஓடையில் பிடித்த மின்னோ போதவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஆர்கன்சா மாநிலம் இரைமீன் பண்ணைகளின் தாயகமாயிற்று. நெல்லும் விளையும் லோனோக் மாவட்டத்தின் சமதளக் களிமண் நிலம் நீரைக் கசியவிடாமல் தாங்கும். கரை கட்டிய ஆழமற்ற குளங்களில் பொன்னிற ஷைனர், தடித்தலை மின்னோ ஆகிய இரண்டையும் வளர்த்து, உயிர்வளி ஊட்டிய தொட்டி லாரிகளில் நாடெங்கும் அனுப்பினார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் தலை பருத்துக் கொப்புளம் போடுவதால் வந்த பெயர் தடித்தலை. குளிருக்கும் உயிர்வளிக் குறைவுக்கும் அது தாக்குப்பிடிப்பதால் பனிக்கால வணிகத்தில் அதற்கு மவுசு அதிகம்.

நீண்ட தொலைவு போன லாரிகள் நோயையும் சுமக்கக்கூடும் என்ற அச்சம் 2005-இல் வலுத்தது. மீன்களின் இரத்தக் குழாய்களைத் தாக்கி உள்ளே குருதி கசியவைக்கும் விஎச்எஸ் வைரஸ் வட அமெரிக்கப் பேரேரிகளில் கண்டறியப்பட்டது. அது குளிர்ந்த நீரில்தான் வீரியம் காட்டும். 15 டிகிரிக்கு மேல் அடங்கிவிடும். உயிர் இரைக்கு ஏற்ற குளிர் அந்த வைரஸுக்கும் ஏற்றதாக அமைந்தது. 2006-இல் பேரேரிப் பகுதி மாநிலங்களிலிருந்து மீன்களை உயிரோடு வெளியே கொண்டுபோக அமெரிக்க மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. பல மாநிலங்கள் சோதித்துச் சான்றளித்த மின்னோவை மட்டும் விற்க அனுமதித்தன. வாங்கியவர் அதற்கான சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். நியூயார்க் மாநிலம் 2022-இல் பனிக்காலத்திலும் பாஸ் பிடிக்க வழிவிட்டது. பிடித்ததைத் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும், செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

மின்னோ இன்னும் அனுமதிக்கப்படும் ஏரிகளிலும் ஒரு விதி உண்டு. மாலையில் வாளியில் மிஞ்சியவற்றை ஏரியில் விடக்கூடாது. நீரை விட்டுத் தள்ளி, கரையில் கொட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.