எண்ணெய்ப் பொட்டும் இரண்டு அளவைகளும்

வடை மடித்துக் கொடுத்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய் பட்ட இடம் பளிச்சென்று தெரியும். உண்மையில் அங்கே எடை கூடியிருக்கிறது. கண்ணுக்கோ தாள் மெலிந்துவிட்டதுபோல் படுகிறது. ஒளியை ஊடுருவவிட்டுத் தாளின் சீர்மையை அளக்கும் முறை சறுக்கும் இடம் இதுதான்.

ஆலைகளில் இந்தச் சீர்மையை ‘ஃபார்மேஷன்’ என்பார்கள். கம்பி வலைமேல் பாயும் கூழில் ஏறத்தாழ 99 சதவீதம் தண்ணீர். அப்படியும் ஓரிரு மில்லிமீட்டர் நீள இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரண்டுவிடுகின்றன. அதனால் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் என்றால் எல்லா இடத்திலும் 80 இருக்காது. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் மேகத் திட்டுகளாகத் தெரிவது இந்த ஏற்றத்தாழ்வுதான். அச்சில் மை திட்டுத்திட்டாகப் பிடிக்கவும் இது ஒரு காரணம்.

ஒளி முறையில் தாளுக்குக் கீழே சீரான விளக்கு, மேலே கேமரா. புள்ளிக்குப் புள்ளி வந்த ஒளியைப் பதிந்து, திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் ஓர் எண் கிடைத்துவிடும். நொடிகளில் முடியும்; ஓடும் இயந்திரத்திலேயே பொருத்தலாம்.

இரண்டாவது அளவையான பீட்டா கதிர்ப்படம் அவசரக்காரர்களுக்கு ஆகாது. கார்பன்-14 கலந்த பிளாஸ்டிக் தகடு ஒருபுறம், எக்ஸ்ரே பிலிம் மறுபுறம், நடுவில் தாள். இருட்டில் மணிக்கணக்கில்கூட வைக்க நேரும். தடித்த அட்டை என்றால் கதிர் மறுபுறம் வந்தே சேராது. ஆனால் பீட்டா துகள்களைத் தடுப்பது பெரும்பாலும் குறுக்கே உள்ள பொருளின் எடை மட்டுமே. நிறம், பளபளப்பு எதுவும் அதற்குப் பொருட்டில்லை. 1950களின் இறுதியில் லெனின்கிராடில் எராஸ்தோவ் என்பவர் பழைய தாள்களின் நீர்க்குறிகளை இப்படித்தான் படமெடுத்தார். மேலே எழுத்து அச்சாகியிருந்தாலும் குறி தனியே துலங்கியது. விளக்கொளியில் அந்த எழுத்தே குறியை மறைத்துவிடும்.

ஒளி ஏன் ஏமாற்றுகிறது? அது எடை பார்ப்பதில்லை. இழையும் காற்றும் சந்திக்கும் பரப்புகளில் சிதறுகிறது. எண்ணெய் அந்தக் காற்றிடத்தை நிரப்பிவிடுவதால்தான் பொட்டு துலங்குகிறது. டிரேசிங் தாளும் ஜெராக்ஸ் தாளும் ஒரே ஜிஎஸ்எம்மில் இருந்தாலும் முன்னது ஒளியைத் தாராளமாக விடும். அதன் கூழை நெடுநேரம் அரைத்து, காற்றிடமே மிஞ்சாதபடி செய்திருப்பார்கள். தாளை அழுத்தி வழவழப்பாக்கும் காலண்டர் உருளைகளுக்கிடையே போகும்போதும் தடித்த திட்டுகள்தான் கூடுதலாக நசுங்கி, காற்றை இழந்து, ஒளியைச் சற்று அதிகம் விடுகின்றன. திட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த அளவுக்கு மறைந்துவிடும். எண்ணைப் பார்த்தால் தாள் திருந்திவிட்டதாகத் தோன்றும். இழைகள் என்னவோ பழைய இடத்திலேயே கிடக்கின்றன.

ஆனாலும் ஒளி முறையைத் தள்ளிவிட மாட்டேன். வாங்குபவர் தாளைக் கண்ணால்தான் பார்க்கிறார். அவர் பார்ப்பதை அதுவும் பார்க்கிறது. ஒரே ரகத் தாளை இன்றைக்கும் நாளைக்கும் ஒப்பிட அது போதும். இரண்டு வேறு ரகங்களை அந்த எண்ணால் தரம் பிரிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. கூழில் நிரப்பியாகச் சேர்க்கும் சுண்ணத்தின் அளவையோ காலண்டர் அழுத்தத்தையோ மாற்றினால், பழைய எண்ணோடு ஒப்பிடும் முன் பீட்டாவில் ஒரு தாளாவது எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.