முந்தானையில் முடிந்த நோட்டு

அக்காலத்தில் தோட்டத்துத் தாய்மார்கள் சம்பள நோட்டை முந்தானையில் முடிந்து வைப்பார்கள். நோட்டுத் தாள் பருத்தி நாரால் ஆனது. வியர்வை ஊறும்; ஈரம் தங்கினால் பூஞ்சணம் பூக்கும்.

கள்ளநோட்டைத் தடுக்க ஆஸ்திரேலியா 1988-இல் பிளாஸ்டிக் நோட்டை வெளியிட்டது. மலேசியாவில் 1998-இல் நினைவு நோட்டாக 50 வெள்ளியும், 2004-இல் 5 வெள்ளியும், 2012-இல் 1 வெள்ளியும் பிளாஸ்டிக்கில் வந்தன. இதில் ஈரம் ஊறாது. ஆனாலும் கையழுக்கு ஒட்டும். 2012-இல் வந்த 10 வெள்ளி முதலான நோட்டுகளோ தாள்தான்.

பூஞ்சண வித்து நல்ல உடலை எளிதில் தாக்காது. ஆஸ்துமாக்காரரையும் நோயில் மெலிந்தவரையும் வருத்தக்கூடும். ஆகவே எச்சில் தொட்டு நோட்டு எண்ணாதீர்கள். சேமிப்பை ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பணம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளைக்குச் சோறூட்டுங்கள்.