ஜோக்கர் சேலத்துக்கு வந்த கதை

வீக்கெண்டுக்கு ஏற்காடு கிளம்புறீங்கன்னு வைங்க. சேலம் டவுனைத் தாண்டி ஏற்காடு ரோட்டுல போகும்போது, மலை ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு பழைய ஆர்ச் வரும். 'மாடர்ன் தியேட்டர்ஸ்'. நிறைய பேர் அங்க ஒரு செல்ஃபி எடுத்துட்டு அப்படியே ஹேர்பின் வளைவுக்குப் போயிடுவோம். இன்னைக்கு அந்த ஆர்ச்சுக்குள்ள கொஞ்சம் போய்ப் பாக்கலாம்.

இந்த ஸ்டூடியோவை 1930களில் ஆரம்பிச்சவர் டி.ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்துல லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படிச்சவர். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), ரெண்டுமே இவர் தயாரிப்புதான். இந்த லிஸ்ட்ல அதிகம் பேசப்படாத ஒரு பெயர் இருக்கு: 'தி ஜங்கிள்', 1952. தமிழில் 'காடு'. அமெரிக்காவின் லிப்பர்ட் பிக்சர்ஸ் கம்பெனியோட சேர்ந்து எடுத்த படம்.

அமெரிக்காக்காரங்க சேலத்துக்குப் புதுசு இல்ல. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் 1950-ல இதே ஸ்டூடியோவுக்கு 'மந்திரி குமாரி'யை இயக்கினவர். கலைஞர் வசனம், எம்.ஜி.ஆர். ஹீரோ. டங்கன் நடுவுல விலகினதும், மிச்சத்தை சுந்தரமே இயக்கி முடிச்சார்.

இப்போ 'தி ஜங்கிள்' டைட்டில் கார்டைப் பாருங்க. ஹீரோ ராட் கேமரான். கூடவே சீசர் ரொமேரோ. யார்னு தெரியுதா? 1966-ல வந்த 'பேட்மேன்' டிவி சீரியல்ல ஜோக்கரா வந்தாரே, அவரேதான்! மீசையை எடுக்க மாட்டேன்னு சொல்லி, அது மேலயே வெள்ளை மேக்கப் போட்டுக்கிட்ட மனுஷன். இளவரசியா நடிச்சது மேரி வின்ட்ஸர். பின்னாடி ஸ்டான்லி கூப்ரிக்கோட 'தி கில்லிங்' படத்துல வருவாங்க. கேமரா கிளைட் டி வின்னா. 'ஒயிட் ஷேடோஸ் இன் த சவுத் சீஸ்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினவர். ஸ்டூடியோவுக்கு வெளியே, கடற்கரையிலும் காட்டிலும் படம் எடுத்துப் பழகினவர். 'தி ஜங்கிள்' வந்த அடுத்த வருஷமே இறந்துட்டார். டைரக்டர் வில்லியம் பெர்க்.

அதே கார்டுல இன்னும் சில பேர் இருக்காங்க. நம்ம எம்.என். நம்பியார். மௌனப் பட காலத்து சூப்பர் ஸ்டார் சுலோச்சனா, நிஜப் பெயர் ரூபி மையர்ஸ். 'பூட் பாலிஷ்' டேவிட். இசையில ஜி. ராமநாதன், தட்சிணாமூர்த்தி. எடிட்டிங் எல். பாலு.

இங்கதான் விஷயம். 'ஹாலிவுட் இந்தியாவுக்கு வந்துச்சு'ன்னு சொன்னா, நமக்கு என்ன தோணும்? அவங்க கதை, அவங்க கேமரா, நம்ம ஊர் வெறும் பேக்கிரவுண்ட். இந்தப் படத்துல அப்படி இல்ல. ஆஸ்கர் கேமராமேன் எடுத்த ரீலை வெட்டி ஒட்டினது ஒரு மாடர்ன் தியேட்டர்ஸ் எடிட்டர். தயாரிப்புல சேலத்து முதலாளியின் பெயர். சென்னையிலோ பம்பாயிலோ இல்ல, ஒரு மலையடிவாரத்து ஊர்ல இருந்து இது நடந்திருக்கு!

சரி, படம் எப்படி? நேர்மையா சொல்லிடறேன், காவியம் எல்லாம் இல்ல. காட்டு யானைகள் ஏன் மிரண்டு ஓடுதுன்னு தேடிப் போறாங்க. காரணம், அழிஞ்சுபோனதா நினைச்ச மாமூத்! கிராஃபிக்ஸ் இல்லாத காலம். அதனால நிஜ யானைகளுக்கு மேல நீள ரோமத்தைப் போர்த்தி மாமூத் ஆக்கிட்டாங்க. இன்னைக்குப் பாத்தா சிரிப்பு வரும்.

ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. அந்த ரோமப் போர்வையை யாரோ தைச்சிருக்காங்க. யானை மிரளாம ஒரு பாகன் ஃபிரேமுக்கு வெளியே நின்னிருக்கார். அந்தக் காலத்து டைட்டில் கார்டுல தையல்காரருக்கும் பாகனுக்கும் லைட்பாய்க்கும் இடமில்ல. ஜோக்கர் பெயர் நிலைச்சிருச்சு, அவர் முகத்துக்கு லைட் பிடிச்ச சேலத்துக்காரர் பெயர் நிலைக்கல.

சுந்தரம் 1963-ல காலமானார். நூற்றுக்கும் மேல படம் எடுத்த ஸ்டூடியோ இப்போ இல்ல. ஆர்ச் மட்டும் நிக்குது.

அடுத்த தடவை ஏற்காடு போறப்ப வண்டியை ஓரங்கட்டி அந்த ஆர்ச்சை ஒரு தடவை நல்லா பாருங்க. சேலம் பக்கம் உங்க தாத்தா, பாட்டி யாராவது அந்த ஸ்டூடியோவுல வேலை பாத்திருந்தா, கதையைக் கேட்டு ரெக்கார்டு பண்ணி வைங்க. டைட்டில் கார்டு விட்டுட்ட பெயரை வீட்ல இருக்கிறவங்கதான் சொல்ல முடியும்.